பெருமூச்சிலிருந்து தொடங்குகிற உளவளத்துணை

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையில் ஒரு கவுன்சிலிங் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்திருந்தேன். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, இரண்டிரண்டு பேராக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் கவுன்சிலர், எதிரில் இருப்பவர் உதவி கேட்டு வந்தவர். எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பள்ளி ஆசிரியை. கற்பனையாக ஏதாவது பிரச்சினையைச் சொன்னால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள், ஆனால் அவர் தன் கணவர் இறந்துபோனதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார். கையிலிருந்த தாளில் போட்டிருந்தபடி நான், "அது உங்களுக்குள்ள என்ன மாதிரி உணர்வைக் கொடுக்குது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உணர்வுன்னு என்னத்தச் சொல்ல தம்பி? ராத்திரி ஆனா அடிவயித்தக் கலக்குது. மாவுக்கு அரிசி ஊறப்போடக் கை வர மாட்டேங்குது. ரெண்டு பேருக்கு அளந்தே பழகின கை." நான் விடவில்லை. சோகமா, கோபமா, பயமா, குற்ற உணர்ச்சியா என்று தாளில் இருந்த பட்டியலையே திரும்பத் திரும்ப நீட்டினேன். கடைசியில் அவர், எனக்காக விட்டுக்கொடுப்பவர் போல, "சோகம்னே வச்சுக்கோங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அந்த அரிசி அளவிலேயே அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. புரிய உதவியவை, இலங்கையின் வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே இருந்து மனநல மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம் எழுதிய கட்டுரைகள். 'உங்கள் கலாசாரத்தைப் புரிந்துகொண்ட சிகிச்சை' என்று இப்போது பல கவுன்சிலிங் மையங்களின் விளம்பரத்தில் ஒரு வரி வந்துவிடுகிறது. அந்த வரிக்கு நடைமுறையில் என்ன பொருள், கவுன்சிலர் எங்கிருந்து வந்தவர் என்பது எந்த அளவுக்கு முக்கியம் என்று யோசிப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தை விட நல்ல பாடம் தமிழில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் சொல். தமிழ்நாட்டில் நாம் கவுன்சிலர் என்போம், கொஞ்சம் எழுத்து நடையில் உளவியல் ஆலோசகர் என்போம். ஆலோசகர் என்றதும் வருகிறவர் என்ன எதிர்பார்ப்பார்? ஆலோசனையைத்தான். "நான் என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்று கேட்பார், வகுப்பில் படித்த நாமோ அறிவுரை சொல்லக் கூடாது என்று உட்கார்ந்திருப்போம். இலங்கைத் தமிழில் அதே வேலைக்கு உளவளத்துணை என்று பெயர். துணைக்கு வருகிறவர் என்றால் கூட நடக்கிறவர், இருட்டில் கிணற்றடி வரைக்கும் கூட வருகிறவர். அப்படி ஒரு பெயரைச் சொல்லி வாசலில் நிற்கும்போது எதிர்பார்ப்பே வேறாகிவிடுகிறது. அதே போல அதிர்ச்சி என்று நாம் பொதுவாகச் சொல்வதை அவர்கள் உளவடு, மனவடு என்கிறார்கள். அதிர்ச்சி வந்து போய்விடும். புண் ஆறின பிறகும் நிற்பதுதான் வடு, திருக்குறள் படித்த பள்ளிப் பிள்ளைக்கும் அந்த வித்தியாசம் தெரியும். இந்தச் சொற்களையெல்லாம் யாரோ ஒரு குழு அறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்ததாக எடுத்துக்கொள்ளாமல், நோயாளிகளோடு பேசிப் பேசித் தேவைப்பட்ட சொற்களாகப் பார்த்தால் அவற்றின் அருமை தெரியும்.

சரி, யார் இந்த தயா சோமசுந்தரம்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தவர், இருபது வருஷத்துக்கும் மேல் வடக்கில் வேலை பார்த்தவர். ராஜன் ஹூல், சிறீதரன், ராஜினி திராணகம ஆகியோரோடு சேர்ந்து 1990இல் வெளிவந்த, போரில் எல்லாத் தரப்பும் செய்த அத்துமீறல்களைப் பதிவு செய்த 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். அந்த நூல் அச்சுக்குப் போய் வெளியாவதற்குள், 1989 செப்டம்பர் 21 அன்று, உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சோமசுந்தரம் பிறர் துயரத்தைத் தூரத்திலிருந்து அளந்தவர் கிடையாது, நோயாளிகளுக்கு நடந்ததெல்லாம் அவருக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் நடந்தது. பிற்பாடு இரண்டு வருஷம் கம்போடியாவில், போல் பாட் ஆட்சியின் அழிவுக்குப் பிறகு மனநலச் சேவையை ஏறக்குறைய ஒன்றுமில்லாமையிலிருந்து கட்டியெழுப்பும் வேலையில் இருந்தார். அதற்கும் பிறகு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில், சித்திரவதையிலிருந்து தப்பி வந்த அகதிகளோடு வேலை. 1998இல் போரின் உளவியல் பாதிப்புகள் பற்றி ஒரு நூல், 2014இல் மக்கள் கூட்டங்களுக்கு ஏற்படும் பாதிப்பு பற்றி இன்னொன்று.

இந்தப் பின்னணியில் எனக்கு முக்கியமாகப் படுவது கம்போடியாதான். மொழி தெரியாத, மதம் வேறான ஓர் ஊருக்குப் போய், அங்கே உள்ள பிக்குகளிடமும் நாட்டு வைத்தியர்களிடமும் கேட்டுக் கேட்டு வேலை செய்தவருக்கு, திரும்பத் தன் ஊருக்கு வந்தபோது அதையும் கொஞ்சம் வெளியூர்க்காரன் கண்ணால் பார்க்க முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் தன் கலாசாரம் தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் கேட்பதை நிறுத்திவிடுகிற கவுன்சிலர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தப் பெருமூச்சுக்கு வருகிறேன். போர்க்கால யாழ்ப்பாணத்தில் மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலர் மனசைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை விறைக்கிறது, கைகால் உளைகிறது, பெருமூச்சு வருகிறது என்றுதான் சொன்னார்கள். பெருமூச்சை ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொண்டு சோமசுந்தரம் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பாட்டி ஞாபகம் வந்தார். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வரும். பாடப்புத்தகம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, மனநோவு உடல்நோவாக வெளிப்படுதல் என்று. அந்தப் பெயருக்குள்ளே லேசான ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது: இவர்களுக்குத் தங்கள் மனசைப் பார்க்கத் தெரியவில்லை, அதனால் உடம்பைக் காட்டுகிறார்கள் என்று. தமிழ் பேசுகிறவர்களுக்கு அது அப்படி இல்லை. யாழ்ப்பாணத்தில் கைகால் வலி உளைவு, மனசு படுகிற பாடு மன உளைச்சல், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வயிறு எரிகிறது என்பாள். பயந்தவனுக்குக் குலை நடுங்கும். ஏமாந்தவனுக்கு நெஞ்சு வெடிக்கும். உடம்பை வைத்துப் பேசும்போதே மனசையும் பேசியாகிவிட்டது, தனியாக இன்னொரு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

இப்படி ஒரு காட்சி. நான் படித்தவற்றிலிருந்தும் கேள்விப்பட்டவற்றிலிருந்தும் கோத்தது, எவர் ஒருவருடைய கதையும் இல்லை.

"என்ன அம்மா செய்யுது?"

"நெஞ்சு அடைக்குது ஐயா. பெருமூச்சு பெருமூச்சா வருது. இரவில நித்திரை இல்லை."

"எப்ப துவங்கினது?"

"தொண்ணூற்றாறில இருந்து."

"தொண்ணூற்றாறில என்ன நடந்தது?"

அவர் சேலைத் தலைப்பைச் சுருட்டுகிறார், விரிக்கிறார். "மூத்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போனவன்."

இந்த இடத்தில் அவரிடம் உங்களுக்குச் சோகமா என்று கேட்பது எவ்வளவு அபத்தம்! இதற்கு முன் அவர் நான்கு டாக்டர்களைப் பார்த்திருப்பார், இசிஜி எடுத்திருப்பார்கள், "ஒண்டும் இல்லை அம்மா" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒன்றும் இல்லை என்ற அந்தப் பதிலை நல்ல சேதியாகத்தான் டாக்டர் சொல்லியிருப்பார், அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? எப்போது தொடங்கியது என்ற ஒரே கேள்வியில் அங்கே கதவு திறக்கிறது, ஏனென்றால் அந்தக் கேள்வி அவர் கொண்டுவந்த நெஞ்சடைப்பை உண்மை என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. நானும் அந்த ஆசிரியையிடம், "இப்ப எவ்வளவு அரிசி ஊறப்போடுறீங்க?" என்று கேட்டிருக்கலாம். மறுபடி எப்போதாவது பார்த்தால் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இது தமிழர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்றும் நினைத்துவிடக் கூடாது. கம்போடியாவில் 'அதிகமாக யோசிப்பது' என்பதே ஒரு நோயின் பெயர், ஜிம்பாப்வேயில் ஷோனா மொழிக்காரர்கள் அதே அர்த்தத்தில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். நம் வீடுகளிலும் "ரொம்ப யோசிக்காத, தலைவலி வந்துடும்" என்று சொல்லாதவர் யார்?

மேற்கத்திய உளவியல் ஒரேயடியாகத் தப்பு என்று இதிலிருந்து யாராவது கிளம்பினால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோமசுந்தரமும் அப்படிச் சொல்லவில்லை. இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகான மன அழுத்தக் கோளாறு, என்ற நோய்ப் பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது, வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பட்ட பாட்டுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்தச் சிப்பாய் சண்டையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டவன். பயம் அவனுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால்தான் பெயரிலேயே 'பிறகு' என்ற சொல். ஷெல் விழுந்துகொண்டே இருக்கிற ஊரில், அடுத்த சோதனைச்சாவடியில் என்ன ஆகும் என்று தெரியாத நாளில், எதற்குப் பிறகு என்று சொல்வது? கெட்ட கனவு, திடுக்கிடல், ஞாபகம் திரும்பத் திரும்ப வருதல் ஆகிய குறிகள் யாழ்ப்பாணத்திலும் இருந்தன, அவற்றை அவர் அளந்தும் எழுதியும் இருக்கிறார். ஆனால் அந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ள அவரால் முடியவில்லை.

அவரும் கூட வேலை செய்தவர்களும் கையாண்ட தளர்வுப் பயிற்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பகுதி பகுதியாக இறுக்கித் தளர்த்தும் ஜேக்கப்சன் முறை உலகம் முழுக்கச் சொல்லித் தரப்படுவது. நம் ஊரில் அதற்குப் பக்கத்திலேயே சாந்தி ஆசனம் இருக்கிறது, பாயை விரித்து மல்லாந்து படுத்தால் போதும். மூச்சை எண்ணும் பயிற்சிக்குப் பக்கத்தில் பிராணாயாமம். ஹார்வர்டில் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்தால் உடம்பு அமைதி அடைவதைக் காட்டினார், எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி என்றார். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லை வருகிறவரிடமே கேட்டார்கள். நீங்கள் என்ன சாமி கும்பிடுகிறவர் என்று முதலில் ஒரு விசாரிப்பு. சைவர் என்றால் ஓம். கத்தோலிக்கர் என்றால் செபமாலைச் செபம். முஸ்லிம் என்றால் சுபஹானல்லாஹ். பௌத்தர் என்றால் புத்தம் சரணம் கச்சாமி. ஒரு ஷெல் விழுந்தபோது அந்த ஆள் வாயிலிருந்து தானாக என்ன வந்ததோ, பெரும்பாலும் அதே சொல்தான். பதுங்கு குழிக்குள் நடுங்கிக்கொண்டு சொன்ன அந்தச் சொல்லை இப்போது மெதுவாக, மூச்சோடு சேர்த்து, பாயில் படுத்துக்கொண்டு சொல்லப் பழகுகிறார். இதில் சாமி உண்டா இல்லையா என்று கவுன்சிலர் முடிவு செய்ய வேண்டியதே இல்லை. கோயில் பக்கமே போகாதவரும் வருவார், அவருக்கு ஓம் என்று திணித்தால் அதுவும் ஒரு அத்துமீறல்தான், அவருக்குப் பிடித்த வேறு ஒரு சொல் இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் குடும்பம். கவுன்சிலிங் என்றால் மூடிய அறை, இரண்டு நாற்காலி, ஐம்பது நிமிஷம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவரை அழைத்துக்கொண்டு மூன்று பேர் வருவார்கள், தாய், மாமா, பக்கத்து வீட்டு அக்கா. ஆபத்து வரும்போது தமிழ்க் குடும்பம் ஒரே ஆளைப் போல நடந்துகொள்கிறது என்று 2007இல் வெளியான கூட்டு மனவடு பற்றிய தன் கட்டுரையில் சோமசுந்தரம் எழுதுகிறார். அப்படியானால் ஒருவரை மட்டும் பிரித்து எடுத்து ஆற்றிவிட முடியாது. வந்த மூவரையும் உட்கார வைத்து, யார் தூங்கவில்லை, யார் சாப்பிடவில்லை, வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கேட்டால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும் விஷயம், தனியாக ஆறு வாரம் பேசினாலும் வராது.

ஆனால் இங்கே நான் ஒரு கோடு போடுவேன். கூட வந்தவரே அடிப்பவராக இருக்கலாம். மருமகள் மாமியார் முன்னால் என்ன பேச முடியும்? பதினாறு வயதுப் பெண் அப்பா எதிரில் எதைச் சொல்வாள்? குடும்பத்தோடு பேசுவது நம் வழக்கம் என்று சொல்லி அந்தத் தனி அரைமணியைக் கொடுக்காமல் விட்டால், கலாசாரத்தின் பெயரில் செய்த துரோகம் அது. இரண்டும் வேண்டும், குடும்பத்தோடும் பேச வேண்டும், தனியாகவும் பேச வேண்டும், இதற்குக் கூடுதலாக நேரம் ஆகும், அவ்வளவுதான்.

குடும்பத்துக்கு அடுத்த வட்டம் ஊர். "எந்த ஊர்?" என்பதுதான் தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி. ஊருக்கும் தேசத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும், ஒருவரின் உடம்பும் மனமும் அவருடைய ஊர் மண்ணோடு எப்படிப் பிணைந்தவை என்று தமிழர் நினைக்கிறார்கள் என்பதையும் இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வேலன்டைன் டானியல் 1984இல் வந்த நூலில் விரிவாக எழுதினார். அப்படிப்பட்ட ஊரை 1995 அக்டோபர் 30 ராத்திரி லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் விட்டுப் போனார்கள். ராணுவம் நெருங்க நெருங்க, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிப் பக்கம், மழையில், நாவற்குழிப் பாலத்தில் நெரிசலில், கிழடுகளையும் கைக்குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு. திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இருந்தது, ஊர் இல்லை. யாரும் யாரையும் நம்பவில்லை, வாய் திறந்து பேசப் பயம், நிவாரண வரிசையே வாழ்க்கை என்று ஆகிவிட்டது, முன்பு பஞ்சாயத்து பேசிய பெரியவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்த நோய் என்று இதைப் பிரித்து எழுத முடியாது என்பதால்தான் சோமசுந்தரம் கூட்டு மனவடு என்ற சொல்லை எடுக்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2009 முள்ளிவாய்க்கால், அதன் பிறகு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்த வவுனியாப் பக்கத்து மெனிக் பாம் முகாம்கள் எல்லாம் அதே காயத்தின் மேல் விழுந்தவை. அந்த முகாம்களில் உளவளத்துணைப் பணிகளுக்கே அரசின் கட்டுப்பாடுகள் இருந்தன, நினைத்தாலே மனம் கொதிக்கிறது.

ஊரே காயம்பட்டிருந்தால் மருந்தும் ஊருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ மனநல மருத்துவர் இருக்கிற இடத்தில் அதற்கு வேறு வழியும் இல்லை. ஆசிரியர்கள், கிராம சேவகர்கள், மருத்துவமாதுகள், குருமார், முகாம் பொறுப்பாளர்கள் என்று மக்கள் ஏற்கெனவே தேடிப் போகிற ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐநா அகதிகள் ஆணையமும் கொண்டுவந்த அகதிகள் மனநலக் கையேட்டை அடிப்படையாக வைத்து, உள்ளூர் உதாரணங்களோடு தமிழிலேயே கைநூல் தயாரித்தார்கள். அதில் சோமசுந்தரத்தோடு யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் சிவயோகனின் பங்கும் உண்டு. சாந்திகம் போன்ற யாழ்ப்பாண அமைப்புகள் உளவளத்துணையாளர்களை உருவாக்கின. இன்னொரு பக்கம், நின்றுபோன கோயில் திருவிழா திரும்ப நடப்பது, சேர்ந்து பொங்குவது, கூத்து போடுவது எல்லாமே சிகிச்சையின் பகுதியாகப் பார்க்கப்பட்டன. பார்ப்பவருக்கு இது வெறும் திருவிழாவாகத் தெரியலாம். பத்து வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள் ஒரே தேர்வடத்தைப் பிடிக்கும்போது அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு மருத்துவர் உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார், அதுதான் புதிது.

இதில் என்னை மிகவும் உலுக்கியது காணாமல் போனவர்களின் வீடுகள். யாழ்ப்பாணச் சைவர் வீட்டில் ஒருவர் இறந்தால் துக்கத்துக்கு ஒரு நடை இருக்கிறது. செத்தவீடு, ஒப்பாரி, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலையில் போய்த் தீர்த்தமாடுவது, பிறகு வருஷா வருஷம் திவசம், தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. எப்போது அழ வேண்டும், எப்போது சமைக்க வேண்டும், எப்போது மறுபடி நல்ல காரியத்துக்குப் போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது, துக்கப்படுகிறவர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி. போர்க்காலத்தில் பல வருஷங்கள் கீரிமலைப் பக்கம் போகவே முடியவில்லை. உடலே கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? அந்தியேட்டி செய்தால் மகனைத் தானே கொன்றது போல ஆகும், செய்யாவிட்டால் அவன் அலைவான் என்ற பயம். மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா? இதற்கு அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர், வியட்நாமில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களிலிருந்து தொடங்கிப் பல வருஷம் ஆராய்ந்து, தெளிவில்லாத இழப்பு என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதில் முக்கியமானது, இப்படிப்பட்டவர்களை "ஏற்றுக்கொள்ளுங்கள், முடிந்தது" என்று நெருக்கக் கூடாது என்பது. இருக்கிறான், இல்லை, இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வாழ ஒருவர் கற்றுக்கொள்ள முடியும், அதற்குத் துணை நிற்கலாம்.

மட்டக்களப்புப் பக்கம் காணாமல் போனவர்களின் தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவர்களிடம் வாக்கு கேட்கப் போனார்கள். மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் போர்க்காலத்தில் அங்கே இருந்து இதை எழுதியிருக்கிறார். வெளியே எங்கும் வாய் திறக்க முடியாத நாட்களில், பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழ அந்தச் சன்னதி ஒன்றுதான் இருந்தது. அந்தத் தாயிடம் இது மூடநம்பிக்கை என்று சொல்லக்கூடிய கவுன்சிலர் அவருக்கு எந்த விதத்தில் உதவப் போகிறார்? 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் வருஷக்கணக்கில் நீண்டதே, அதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். சட்டகம் போட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தேவை முதலில் பதில், உண்மை. தளர்வுப் பயிற்சி அந்தப் பதிலுக்கு ஈடாகாது என்பதை உளவளத்துணையாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கோயில், தர்கா என்று எதைக் கண்டாலும் கும்பிட்டு ஒதுங்கிவிடவும் முடியாது. நம் ராமநாதபுரம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது, தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு விடுதியில் 28 பேர் ஓட வழியில்லாமல் எரிந்து போனார்கள். அடுத்த வருஷமே, 2002இல், தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அங்கே பூஜை பெரிதாக ஒன்றும் இல்லை, தங்க இடம், கோயில் வேலைகளில் ஒரு பங்கு, அதட்டாத மனிதர்கள். சில வாரங்களில் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இரண்டும் நம் ஊர், இரண்டும் நம்பிக்கை. ஒன்றில் சங்கிலி இருந்தது, ஒன்றில் இல்லை. கவுன்சிலர் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

நம்ம ஆளாக இருந்தால் போதும், புரிந்துகொள்வார் என்ற நினைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். அதே ஊர்க்காரர் என்றால் பேச்சு சீக்கிரம் ஒட்டும், உண்மைதான். அதே ஊர்க்காரர் என்றால் இவரிடம் சொன்னது நாளைக்குச் சந்தைக்கு வந்துவிடுமோ என்ற பயமும் வரும். அதோடு சாதி. யாழ்ப்பாணத்தில் மற்றவர் தொடக்கூடாது என்று கட்டிப்போட்ட கிணறுகள் எத்தனை, நுழைய விடாத கோயில்கள் எத்தனை? ஊரின் திருவிழா ஒருவருக்கு மருந்து என்றால், வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு அது என்ன? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள், யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த ஊரின் மனவடு பற்றிப் பேசும்போது புத்தளத்தில் முகாமில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளையும் ஊராக எண்ணுகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அனைவரையும் உள்ளடக்குவது என்ற சொல்லுக்கு இங்கேதான் சோதனை.

இந்தச் சோதனையை நேராக எடுத்துக்கொண்ட ஓர் இடம் மட்டக்களப்பில் உண்டு. இயேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. சண்டை மும்முரமாக நடந்த வருஷங்களில், தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி வந்து, மாதக்கணக்கில் களிமண், சாயம், கதை, நாடகம் என்று விளையாட விட்டார்கள். யாரையும் உட்கார வைத்து என்ன நடந்தது சொல் என்று கேட்கவில்லை. மண்ணைப் பிசையும்போது வருவது வரட்டும் என்று பொறுத்திருந்தார்கள்.

இப்போது அந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில், வருகிறவரின் கலாசாரப் பின்னணியை அறிய 16 கேள்விகள் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்திருப்பதை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள், வீட்டில் உள்ளவர்களிடம் எப்படிச் சொல்வீர்கள், இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதற்கு முன் யாரிடமெல்லாம் போனீர்கள் என்று போகும். கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மருத்துவரும் வந்தவரும் வேறு வேறு பின்னணி என்பதால் தப்பாகப் புரிந்துகொள்வது உண்டு, அப்படி உங்களுக்கு ஏதாவது கவலை இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறது. கவுன்சிலரின் பின்னணியையும் மேசை மேல் எடுத்து வைக்கிற கேள்வி அது.

நான் இப்போது வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒரு சின்ன மையத்தில் உட்காருகிறேன். அந்தக் கேள்வியை என் தமிழில் இப்படிக் கேட்பேன்: "நான் உங்க ஊர்க்காரன் இல்ல, உங்க வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது, நான் ஏதாவது தப்பாப் பேசினா உடனே சொல்லிடுவீங்களா?" முதல் நாளே கேட்டுவிடுவேன். போன மாதம் வீட்டு வேலை செய்கிற ஓர் அம்மா வந்திருந்தார், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். நான் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னை மேடம் மேடம்னு கூப்பிடுறீங்க இல்ல, அது வேணாம் தம்பி. நான் வேலை செய்யற வீட்டுல நான்தான் அப்படிக் கூப்பிடுவேன். என்னை அக்கான்னே சொல்லுங்க" என்றார். சரி அக்கா என்றேன். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, முழங்கால் வலியிலிருந்து ஆரம்பித்தார்.